தண்ணீருக்குள் ஃபோட்டான்: மான்டே கார்லோ சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ இயற்பியல் படிக்க வருகிறவர்களும், இயற்பியலை எட்டிப் பார்க்கிற புரோகிராமர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மான்டே கார்லோ சிமுலேஷன் என்றால், ஃபோட்டான் எங்கே மோதும், எப்படித் திரும்பும் என்பதைச் சமவாய்ப்பு எண்களால் தீர்மானித்து, கணினியில் கோடிக்கணக்கான தடவை ஓட்டிப் பார்ப்பது. இங்கே ஃபோட்டான் என்றால் எக்ஸ் கதிரும் காமா கதிரும்தான். ஆற்றல் 10 கேஇவி முதல் 20 எம்இவி வரை. கேஇவி என்பது ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், எம்இவி என்பது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்.

உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, ஏன் எல்லோரும் தண்ணீரையே பிடித்துக்கொள்கிறார்கள்?

நம் உடம்பின் தசை, கதிரின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான் தெரியும். அதனால் ரேடியோதெரபி இயந்திரம் எவ்வளவு கதிர் கொடுக்கிறது என்று அளப்பதே தண்ணீர்த் தொட்டியில்தான். சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட டிஆர்எஸ்-398 என்ற வழிகாட்டி இதை உலகம் முழுக்க நடைமுறையாக்கியது. தொட்டியில் அளக்கிறோம், அதே தொட்டியைக் கணினியில் கட்டுகிறோம், இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். தண்ணீர் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான் என்பது கூடுதல் வசதி. பிளாஸ்டிக் பலகையென்றால் கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும்.

கதிர் குறைவதற்கு அடுக்குக்குறிச் சூத்திரம் இருக்கிறதே. சிமுலேஷன் எதற்கு?

நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிற சூத்திரம்தான். அது பொய்யும் சொல்லாது. ஆனால் "இதுவரை எதிலும் மோதாமல் வந்த ஃபோட்டான் எத்தனை?" என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில். மோதிய ஃபோட்டான் செத்துப்போய்விடுவதில்லை. திசை மாறி, ஆற்றல் குறைந்து, இன்னொரு பக்கமாக வந்து சேர்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபால்ட்-60 இயந்திரம், மூலத்திலிருந்து நீர்ப்பரப்பு 80 செ.மீ. தள்ளி, கதிர்ப் புலம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. டோஸின் (ஒரு கிலோ தண்ணீரில் இறங்கும் ஆற்றலின்) உச்சம் அரை செ.மீ. ஆழத்தில் வரும். அதை 100 என்று வைத்தால் 10 செ.மீ. ஆழத்தில் எவ்வளவு? கோபால்ட் ஃபோட்டான்களின் சராசரி ஆற்றல் 1.25 எம்இவி. அந்த ஆற்றலுக்குத் தண்ணீரின் மெலிவுக் கெழு, அதாவது கதிர் குறையும் விகிதம், ஒரு செ.மீ.க்கு 0.063. ஒன்பதரை செ.மீ. கடந்தால் 55 சதவீதம் மிஞ்சும். மூலத்திலிருந்து தூரம் கூடுவதால் வரும் குறைவு 0.80. இரண்டையும் பெருக்கினால் 44. தொட்டியில் அளந்தால் வருவதோ சுமார் 56.

நடுவில் தொங்குகிற அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தண்ணீரில் மோதிச் சிதறி வந்த ஃபோட்டான்களிலிருந்து. புலத்தைப் பெரிதாக்கினால் சிதறல் கூடும், சின்னதாக்கினால் குறையும். நடுவில் எலும்போ நுரையீரலோ வந்தால் எல்லாமே மாறும். இதற்கெல்லாம் ஒற்றை வரிச் சூத்திரம் கிடையாது. சிமுலேஷனின் தேவை அங்கேதான்.

மான்டே கார்லோ என்றால் சூதாட்டம்தானே? அறிவியலில் அதற்கென்ன வேலை?

பெயர் மொனாகோவின் சூதாட்ட நகரத்திலிருந்து வந்ததுதான். 1946-இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிவந்த நாட்களில், தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்தார். சேர்மானக் கணக்கு போட்டுப் பார்த்துக் களைத்து, நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயிக்கிறது என்று எண்ணிவிட்டால் போதாதா என்று தோன்றியது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் நியூட்ரான்கள் எப்படிப் பரவுகின்றன என்ற கணக்குக்கும் அது பொருந்தும் என்று அவரும் ஜான் ஃபான் நாய்மனும் கண்டார்கள். பெயர் வைத்தவர் நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ். 1948-இல் எனியாக் கணினியில் முதல் கணக்குகள் ஓடின. 1949-இல் மெட்ரோபொலிஸும் உலாமும் கட்டுரை எழுதினார்கள்.

ஃபோட்டானுக்கு இது இன்னும் இயல்பாகப் பொருந்தும். ஏனென்றால் அது எங்கே மோதும், எப்படித் திரும்பும் என்பது இயற்கையிலேயே வாய்ப்பின் கையில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு ஃபோட்டானை எடுத்து, கணினி செய்வதைக் கையாலேயே செய்து காட்ட முடியுமா?

முடியும். நான் வகுப்பெடுத்தால் முதல் மணி நேரம் இதற்குத்தான். கால்குலேட்டர் போதும்.

தொட்டி 40 செ.மீ. கனசதுரம். மேற்பரப்பின் நடுவில் 1 எம்இவி ஃபோட்டான் நேர் கீழ்நோக்கி நுழைகிறது. இந்த ஆற்றலில் தண்ணீரில் மோதலுக்கு மோதல் சராசரித் தூரம் 14.1 செ.மீ. கணினி 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு சமவாய்ப்பு எண்ணைத் தருகிறது. 0.62 என்று வைப்போம். அதன் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, 14.1-ஆல் பெருக்கினால் 6.7 செ.மீ. முதல் மோதல் அந்த ஆழத்தில்.

என்ன வகை மோதல்? 1 எம்இவியில் ஆயிரத்துக்கு 999 காம்ப்டன்தான் (ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டு, ஆற்றலில் ஒரு பங்கை இழந்து திசை மாறுவது), அதனால் பகடை உருட்டுவதே சம்பிரதாயம். கோணம் 60 பாகை என்று வந்தது. காம்ப்டன் சூத்திரப்படி ஃபோட்டானிடம் 0.505 எம்இவி மிச்சம். தட்டிவிடப்பட்ட எலக்ட்ரான் கொண்டுபோனது 0.495. அந்த எலக்ட்ரான் இரண்டு மில்லிமீட்டருக்குள் முடங்கிவிடும். அதாவது அந்த ஆற்றல் அங்கேயே தண்ணீரில் இறங்கிவிட்டது.

ஆற்றல் குறைந்ததால் சராசரித் தூரமும் குறைந்து 10.3 செ.மீ. ஆகிறது. அடுத்த எண் 0.20. தூரம் 16.6 செ.மீ. வருகிறது. ஃபோட்டான் சாய்வாகப் போவதால் கீழே இறங்குவது 8.3 செ.மீ. மட்டுமே, பக்கவாட்டில் 14.4 செ.மீ. தொட்டியின் சுவர் நடுவிலிருந்து 20 செ.மீ.யில் இருக்கிறது, ஆகவே இன்னும் உள்ளேதான். ஆழம் இப்போது 15.

இரண்டாவது மோதல், கோணம் 120 பாகை. எந்தப் பக்கமாக என்பதற்குத் தனியாக ஒரு எண் எடுக்க வேண்டும். அது எப்படி விழுந்ததென்றால் ஃபோட்டான் நேர் மேலே திரும்பிவிட்டது. மிச்சம் 0.203 எம்இவி, எலக்ட்ரானுக்கு 0.302. அடுத்த எண் 0.05. இந்த ஆற்றலில் சராசரித் தூரம் 7.3 செ.மீ., வருகிற தூரம் 21.9. மேற்பரப்போ 15 செ.மீ. தான் தள்ளி இருக்கிறது. ஃபோட்டான் வெளியே போய்விட்டது. கணக்கு முடிந்தது.

பேரேட்டில் எழுதுவது இவ்வளவுதான்: 6.7 செ.மீ. ஆழத்தில் 0.495, 15 செ.மீ. ஆழத்தில் 0.302, தொட்டியை விட்டு வெளியேறியது 0.203. கூட்டினால் 1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ பிழை. இதையே பத்துக் கோடி தடவை செய்வதற்குத்தான் கணினி.

எப்போதும் காம்ப்டன்தானா? ஒளிமின் விளைவு, ஜோடி உருவாக்கம் எல்லாம் எங்கே போயின?

ஆற்றலைப் பொறுத்தது. தண்ணீரில் சுமார் 30 கேஇவிக்குக் கீழே ஒளிமின் விளைவின் ராஜ்ஜியம். ஃபோட்டான் முழுசாக விழுங்கப்படும். 10 கேஇவியில் சராசரித் தூரம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, 30 கேஇவியில் 2.7 செ.மீ., 100 கேஇவியில் 5.9 செ.மீ. ஜோடி உருவாக்கத்துக்கு 1.022 எம்இவி குறைந்தபட்சம் வேண்டும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் பிறக்க அந்த ஆற்றல்தான் விலை. ஆனால் வாசலைத் தாண்டியவுடன் கூட்டம் கூடிவிடாது. 10 எம்இவிக்குப் போனாலும் தண்ணீரில் அதன் பங்கு கால்வாசிக்குச் சற்றுக் குறைவுதான். ஈயமாக இருந்தால் கதை வேறு.

ஆகவே மருத்துவமனையில் புழங்கும் ஆற்றல்களில் தண்ணீருக்குள் காம்ப்டன்தான் முக்கால்வாசிக் கதை. ஆர்தர் காம்ப்டன் இதைக் கண்டது 1923, நோபல் 1927. எந்தக் கோணத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை ஆஸ்கர் கிளைனும் யோஷியோ நிஷினாவும் 1929-இல் எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் எல்லா மென்பொருளுக்குள்ளும் உட்கார்ந்திருப்பது அந்தச் சூத்திரம்தான். குறைந்த ஆற்றலில் மட்டும், எலக்ட்ரான் அணுவோடு கட்டுண்டிருக்கிறது என்பதற்காகத் திருத்தம் போடுவார்கள். எந்த ஆற்றலில் எந்த மோதலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற அட்டவணையை அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் எக்ஸ்காம் என்ற பெயரில் இலவசமாகவே தருகிறது. மேலே நான் சொன்ன தூரங்களை நீங்களே அதில் சரிபார்க்கலாம்.

டோஸைத் தருவது ஃபோட்டான்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தண்ணீரில் ஆற்றலை இறக்குவது எலக்ட்ரான். ஃபோட்டான் வெறும் தூதர். அங்கங்கே நின்று ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்குச் சாட்சி தொட்டியிலேயே இருக்கிறது. ஃபோட்டான்கள் மேற்பரப்பில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறைகின்றன. டோஸும் மேற்பரப்பில்தானே உச்சமாக இருக்க வேண்டும்? ஆனால் கோபால்டுக்கு 5 மி.மீ. உள்ளேயும், 6 மெகாவோல்ட் லீனாக் (நேர்கோட்டு முடுக்கி) இயந்திரத்துக்கு 15 மி.மீ. உள்ளேயும்தான் உச்சம் வருகிறது. காரணம், எலக்ட்ரான்கள் பெரும்பாலும் முன்னோக்கியே பாய்கின்றன. மேற்பரப்புத் தண்ணீருக்கு மேலே எலக்ட்ரானைக் கிளப்பிவிட வேறு தண்ணீர் இல்லை, காற்றுதான். கொஞ்சம் உள்ளே போனால், மேலிருந்து கிளம்பிய எலக்ட்ரான்களும் அங்கேயே கிளம்பியவையும் சேர்ந்துகொள்ளும். நோயாளியின் தோல் பொசுங்காமல் உள்ளே இருக்கிற கட்டிக்குக் கதிர் சேர்வது இதனால்தான்.

மோதிய இடத்திலேயே ஆற்றலைப் போட்டுவிடும் எளிய புரோகிராம் எழுதினால் இந்த ஏற்றம் வரவே வராது. வரைபடம் மேற்பரப்பிலிருந்தே சரியும். மேலே நான் கையால் போட்ட கணக்கும் அந்த ரகம்தான். மாணவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புரோகிராமில் பிழை தேடுவார்கள். பிழை புரோகிராமில் இல்லை. எலக்ட்ரானை நகரவிடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எலக்ட்ரானையும் ஒவ்வொரு மோதலாகப் பின்தொடர வேண்டியதுதானே?

ஃபோட்டான் பத்திருபது மோதலில் கணக்கை முடித்துக்கொள்ளும். எலக்ட்ரான் நிற்பதற்குள் பல ஆயிரம் தடவை இடிபடும். ஒவ்வொன்றையும் எழுதினால் கணினி நாள் கணக்கில் ஓடும். மார்ட்டின் பெர்கர் 1963-இல் வகுத்துக்கொடுத்த வழி, நூற்றுக்கணக்கான சின்ன இடிகளை ஒரே தாவலாகச் சேர்த்து, மொத்த ஆற்றல் இழப்பையும் மொத்தத் திருப்பத்தையும் ஒரேயடியாகப் போடுவது. பெரிய இடிகளை மட்டும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

அடுத்து, எலக்ட்ரான் ஒரு குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே வந்ததும் "இங்கேயே நின்றுவிட்டது" என்று கணக்கை மூடுவது. புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழுவது இந்த வரம்பில்தான். ஈஜிஎஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் எலக்ட்ரான் வரம்பை 0.7 எம்இவி என்று கொடுப்பார்கள். அது மொத்த ஆற்றல். எலக்ட்ரானின் நிறைக்கான 0.511-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0.189 எம்இவி இயக்க ஆற்றல். அவ்வளவு ஆற்றலுள்ள எலக்ட்ரான் தண்ணீரில் ஓடுவது சுமார் 0.4 மி.மீ. டோஸைக் கணக்கிடத் தொட்டியைப் பிரித்து வைத்த உங்கள் கட்டங்கள் 3 மி.மீ. அளவில் இருந்தால் கவலையில்லை. கால் மில்லிமீட்டர் கட்டம் போட்டுக்கொண்டு 0.7-ஐயும் வைத்தால் வரைபடம் அழகாக வரும், அர்த்தம் இருக்காது.

ஜியன்ட்-4 என்ற இன்னொரு மென்பொருள் இதையே வேறு பாஷையில் பேசும். அங்கே வரம்பைத் தூரமாகக் கொடுக்கிறோம். ஒன்றும் சொல்லாவிட்டால் 0.7 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீரில் அது எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 350 கேஇவி. அந்த 0.7 வேறு, இந்த 0.7 வேறு. ஜியன்ட்-4-இல் நீளத்தின் அலகு மில்லிமீட்டர், ஈஜிஎஸ்ஸில் சென்டிமீட்டர். தொட்டி பத்து மடங்கு சுருங்கிப்போய் விடை ஏன் விசித்திரமாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ஆட்கள் நிறைய.

எத்தனை ஃபோட்டான் ஓட்டினால் போதும்?

வேண்டிய துல்லியத்தைப் பொறுத்தது. புள்ளியியல் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறையும். பத்து லட்சம் ஓட்டி 2 சதவீதப் பிழை வந்தால், அரை சதவீதத்துக்கு நான்கு மடங்கு போதாது. பதினாறு மடங்கு, அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம் வேண்டும். கட்டத்தைச் சிறிதாக்கினால் ஒவ்வொன்றிலும் விழுவது குறையும், பிழை மறுபடி ஏறும். சின்னக் கட்டம் மேல் என்று கண்மூடி நம்புகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சண்டைதான்.

ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு கோர் கணினி புதிதாகக் கைக்கு வந்தபோது எட்டு வேலைகளைச் சேர்த்து ஓட்டினேன். பிழை எட்டு மடங்கு ஓட்டத்துக்கு ஏற்றபடி குறைந்திருப்பதாக அறிக்கையே எழுதிவிட்டேன். பிறகுதான் எட்டுக் கோப்புகளிலும் கடைசி தசமம் வரை அதே எண்கள் இருப்பதைப் பார்த்தேன். எட்டுக்கும் ஒரே விதை எண் கொடுத்திருந்தேன். கணினி தருவது நிஜமான சமவாய்ப்பு எண் அல்ல. விதையிலிருந்து சூத்திரப்படி முளைப்பது. ஒரே விதை போட்டால் ஒரே பயிர்தான்.

நேரத்தை மிச்சப்படுத்தக் குறுக்கு வழி உண்டா?

உண்டு, நேர்மையான குறுக்கு வழிகள். தொட்டியை விட்டு விலகிப்போகும் ஃபோட்டான்களில் பத்தில் ஒன்பதைக் கொன்றுவிட்டு, பிழைத்த ஒன்றுக்குப் பத்து மடங்கு மதிப்புக் கொடுப்பது ஒன்று. இதன் பெயரே ரஷ்யன் ரூலெட். முக்கியமான இடத்துக்குப் போகும் ஃபோட்டானைப் பல துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பைக் குறைப்பது இன்னொன்று. சராசரி மாறாது, பிழை சீக்கிரம் குறையும். இந்த மதிப்பை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் நேர்மை போய்விடும்.

எந்த மென்பொருளை எடுப்பது?

கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் தரும் ஈஜிஎஸ்என்ஆர்சி, ரேடியோதெரபிக்காரர்களின் செல்லப்பிள்ளை. இலவசம், திறமூலம். ஃபோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் மட்டும். ஐரோப்பிய ஆய்வகமான செர்னில் பிறந்த ஜியன்ட்-4 எல்லாத் துகளுக்கும் ஆனது, சி பிளஸ் பிளஸ் தெரிய வேண்டும். பயமாக இருந்தால் அதன்மேல் கட்டிய கேட் அல்லது டோபாஸில் தொடங்கலாம். லாஸ் அலமோஸின் எம்சிஎன்பி அருமையானது, ஆனால் உரிமம் வாங்குவது ஒரு தனிப் படலம். பார்சிலோனாவின் பெனலோப் குறைந்த ஆற்றலில் கில்லி. தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் என்றால் ஈஜிஎஸ் போதும் என்பது என் கட்சி.

டார்ச் வெளிச்சமும் ஃபோட்டான்தானே? அதையும் இதே மென்பொருளில் ஓட்டலாமா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. தண்ணீர் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க அதற்குத் தெம்பில்லை. அங்கே பேச வேண்டியது ஒளிவிலகல் பற்றி. முறை ஒன்றுதான், இயற்பியல் வேறு. ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 0.26 எம்இவியைத் தாண்டினால், அது தண்ணீருக்குள் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சிவிடும். அப்போது நீல ஒளி வரும். அணு உலைக் குளங்களில் தெரியும் செரென்கோவ் ஒளி அதுதான். ஜியன்ட்-4 அதையும் ஓட்டும்.

கதிர் பட்ட தண்ணீர் கதிரியக்கம் ஆகிவிடுமா? சூடாகுமா?

கோபால்டிலும் 6 மெகாவோல்டிலும் கதிரியக்கம் ஆகாது. ஆக்சிஜன் அணுக்கருவிலிருந்து நியூட்ரானைத் தட்டியெடுக்க 15.7 எம்இவி வேண்டும். அப்படியே எடுத்தாலும் பிறக்கும் ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் இரண்டே நிமிடம்.

சூடாகும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. ஒரு கிரே என்பது கிலோவுக்கு ஒரு ஜூல். அது தண்ணீரை ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் சுமார் 2.4 பங்கு மட்டுமே சூடாக்கும். அதையும் அளந்து காட்டும் நீர்க் கலோரிமீட்டர்களை அளவியல் ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன. டோஸின் மூல அளவு அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சூட்டால் செல்லுக்கு ஒன்றும் ஆகாது. கேடு செய்வது, எலக்ட்ரான் போகிற வழியில் தண்ணீர் மூலக்கூறு உடைந்து பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலும், டிஎன்ஏ-வில் நேராக விழும் அடியும். அந்த வேதியியலையும் சேர்த்து ஓட்ட ஜியன்ட்-4-டிஎன்ஏ இருக்கிறது. அங்கே இடிகளைச் சேர்ப்பதெல்லாம் கிடையாது, ஒவ்வொரு இடியும் தனித்தனிதான்.

சொந்தமாக எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

பைத்தானில் நாற்பது, ஐம்பது வரி போதும். முதலில் சிதறலே வேண்டாம். 1 எம்இவி ஃபோட்டான் ஒரு லட்சத்தைக் கீழே விடுங்கள், முதல் மோதலின் ஆழத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 14.1 செ.மீ.யைத் தாண்டியவை 36,800-ஐ ஒட்டி, முன்னே பின்னே நூற்றைம்பதுக்குள் பெரும்பாலும் வர வேண்டும். 63,200 வந்தால் தாண்டாதவற்றை எண்ணியிருக்கிறீர்கள். வேறு ஏதோ எண் வந்தால், மடக்கை இயல் மடக்கையா, பத்தடிமான மடக்கையா என்று முதலில் பாருங்கள். இது சரியாக வந்த பிறகு காம்ப்டனைச் சேர்த்து, ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இறங்கியதும் வெளியேறியதும் கூடி 1 எம்இவி வருகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரானை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு நாற்பது வரி போதாது.